ஆறாவது கட்டத்தில் எழுதிய பெயர்

அந்தப் படிவத்தில் ஆறாவது கட்டத்தை நான் காலியாக விட்டிருக்கலாம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் காலியாக விடுவது எனக்கு வராது. ஏன் வராது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆந்திராவில் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில், இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும் என்கிற இடத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. அதனால் நான்காம் வகுப்பிலேயே தெருவுக்கே படிவம் எழுதிக் கொடுப்பவன் ஆகிவிட்டேன். ஒருமுறை அப்பாவுக்கு ரேஷன் கார்டுக்காக எழுதியதில் ஒரு கட்டத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். கூலியை விட்டுவிட்டுப் போய் மதியம் வரை நின்ற அப்பாவிடம், மண்டல ஆபீஸ் குமாஸ்தா காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். "காலீகா வதலகூடது" என்றார். காலியாக விடக்கூடாது. அவ்வளவுதான். அப்பா அவரை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"படிச்சவன்தானடா நீ? ஒரு கட்டத்த வுட்டுட்டியே."

அதற்குப் பிறகு நான் எந்தக் கட்டத்தையும் விட்டதில்லை. தெரியாவிட்டால் 'இல்லை' என்று எழுதுவேன். அதுவும் சரிவராவிட்டால் 'பொருந்தாது'. ராணுவத்தில் சேரும்போது உடம்பில் உள்ள அடையாளங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மச்சம் தேடினேன்.

ராணுவத்தில் என்னைப் புலனாய்வுப் பிரிவில் போட்டார்கள். இரண்டு மொழி வீட்டிலேயே வந்திருந்தது, மூன்றாவது நான்காவதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன், அதுதான் காரணம். பத்து வருடம் இருந்தேன். எங்கே என்று எழுத மாட்டேன். மலைப்பக்கம். முடி வளர்த்துக்கொண்டு, சாதாரணச் சட்டையோடு டீக்கடைகளில் உட்கார்ந்திருப்பேன். சுமை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள். அவர்களோடு பேசுவதுதான் வேலை. பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், கேள்வி கேட்காதே என்பது. கேள்வி கேட்டால் மனிதன் உஷாராகிவிடுவான். தப்பாக ஒன்றைச் சொல். எதிரில் இருப்பவனால் சும்மா இருக்க முடியாது, திருத்துவான். இரண்டாவது பாடம், சொன்னவனின் பெயரை அறிக்கையில் எழுதாதே. அறிக்கையில் ஒரு எண்தான் இருக்கும். எந்த எண் யார் என்பது அதிகாரியின் பூட்டிய அலமாரிக்குள் தனி நோட்டில் கிடக்கும்.

வீட்டில் நான் கிளார்க் என்று சொல்லியிருந்தேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். ஜீப் கவிழ்ந்து முட்டி போய், மருத்துவக் குழு என்னை வெளியே அனுப்பிய பிறகும் அப்பாவுக்கு நான் கிளார்க்தான்.

திருப்பதியில் வேலை தேடி அலைந்த ஆறு மாதம் இந்தப் பொய்யும் உதவவில்லை, உண்மையும் உதவவில்லை. லாட்ஜுகள் நடத்தும் ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்குப் போனேன். இளவயதுக்காரர் ஒருவர் என் காகிதத்தைப் புரட்டினார்.

"பத்து வருஷம் என்ன செஞ்சீங்க?"

"தகவல் சேகரிப்பு சார்."

"அப்படின்னா?"

"அதுக்கு மேல சொல்லக்கூடாது சார்."

அவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, "ரகசியமாம்பா. நம்ம ரிசப்ஷன்ல உக்கார வெச்சா, ரூம் இருக்கான்னு கேட்டாக்கூட சொல்ல மாட்டார்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் ஏடிஎம் வாசலில் நிற்கிற வேலை இருக்கிறது, முட்டி தாங்குமா என்று கேட்டார்கள்.

ஊருக்குப் போனால் அப்பா. "மிலிட்டரியில பத்து வருஷம் பேப்பர் எழுதினவன். இங்க ஒரு ஆபீஸ்லகூட உக்கார வெக்க மாட்டேங்கறானுங்களா? இன்னாடா ஊரு இது."

அப்போதுதான் சித்தூரைத் தாண்டி ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. விஜிலென்ஸ் சூபர்வைசர். சீசனுக்கு மட்டும், பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார் மேனேஜர். அவர் தெலுங்கில்தான் பேசுவார். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர் என்று கையை நீட்ட எனக்கு வேறு ஆள் கிடையாது.

சீசனில் அந்த ரோடே மாம்பழ டிராக்டர்களால் அடைந்து கிடக்கும். உள்ளே பழத்தைக் கழுவி பெல்ட்டில் விடுவார்கள். பெல்ட்டின் இருபுறமும் பெண்கள் நின்று காம்புப் பக்கத்தையும் அழுகின இடத்தையும் சின்னக் கத்தியால் சீவித் தள்ளுவார்கள். பிறகு பழம் மெஷினுக்குப் போய், கூழாகி, சல்லடை வழியாக இறங்கும். பெண்கள் செட் செட்டாக வருவார்கள். ஒரு ஊர், ஒரு தெரு, எட்டுப் பேர். சீசன் முடியும் வரை ஃபேக்டரிக்குப் பின்னாலிருந்த ஷெட்டிலேயே தங்குவார்கள்.

நகரி பக்கத்திலிருந்து வந்த ஒரு செட் மட்டும் தமிழ் பேசியது. மற்ற எல்லோரும் தெலுங்கு. அந்தச் செட்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மதியம் மணி அடித்ததும் யாரும் தன் டப்பாவைத் தனியாகத் திறக்க மாட்டார்கள். எட்டுப் பேரும் கை கழுவி வந்து வட்டமாக உட்காரும் வரை காத்திருப்பார்கள். பிறகு எல்லா டப்பாவையும் ஒரே அலுமினியக் குண்டானில் கவிழ்ப்பார்கள். கத்திரிக்காய், கருவாடு, கீரை, எது இருந்தாலும் ஒன்றாகப் பிசைந்து, ஒருவர் உருட்டி உருட்டி எல்லோர் கையிலும் வைப்பார். யாரிடம் ஒன்றும் இல்லை என்றும் தெரியாது, யாரிடம் மீன் இருந்தது என்றும் தெரியாது.

உருட்டி வைப்பவர் ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் வாரம் நான் அந்தப் பக்கம் நடந்தபோது, என் தமிழைக் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"எந்தூரு நைனா நீ?"

நாங்கள் அப்பாவைக் கூப்பிடும் சொல் அது. எங்கள் பக்கத்தில் மகன் வயதுப் பையனையும் பாசமாக அப்படிக் கூப்பிடுவார்கள். பத்து வருடமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. ஊரைச் சொன்னேன்.

"அடங்கொப்புரானே, நம்ம பக்கம்தான். மூஞ்சப் பாத்தா ரெட்டிகாரு மாரி கீது, வாயத் தொறந்தா நம்மாளு!" மற்றவர்கள் சிரித்தார்கள். "வா, வந்து ஒரு வாய் துன்னு."

ஒரு உருண்டையை என் கையில் வைத்தார். தினமும் வைத்தார். நான் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பழப்பெட்டி மேல் உட்கார்ந்து தின்றேன். இப்போது நினைத்தால், அந்த முதல் உருண்டையைத் தின்னும்போதே என் தலைக்குள் பழைய வேலை நடந்துகொண்டிருந்தது. இவர் பேசுகிறவர், இவரை மற்றவர்கள் நம்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். வேண்டுமென்று அல்ல. பத்து வருடம் ஓடிய மெஷினுக்கு நிறுத்தும் பட்டன் எங்கே என்று யாரும் காட்டித் தரவில்லை.

செட்டில் ஒரு பெண் புதிது. இருபது வயதுகூட இருக்காது. அக்காதான் கூட்டிவந்திருந்தார், ஒரே தெரு. அந்தப் பெண்ணின் அம்மா, "உன்ன நம்பித்தான் அனுப்பறேன்" என்று சொன்னதை அக்கா சிரித்துக்கொண்டே பலமுறை சொல்வார். "கத்திய தொடப்பக்கட்ட மாரி புடிக்கறா பாரு" என்று அந்தப் பெண்ணைக் கேலி செய்வார். அவளும் நாக்கைத் துருத்திக் காட்டுவாள்.

சீசன் பாதி தாண்டி ஒருநாள் சல்லடையில் ஒரு துண்டு பிளாஸ்டர் அகப்பட்டது. விரலில் ஒட்டுவது. ஃபேக்டரியில் கை அறுபட்டால் முதலுதவி அறையில் நீல நிற பிளாஸ்டர் ஒட்டுவார்கள். கூழில் விழுந்தால் கண்ணில் படட்டும் என்பதற்காக நீலம். அதோடு ஆறும் வரை பெல்ட்டில் நிற்க விடமாட்டார்கள். அகப்பட்டது தோல் நிறத்தில் இருந்தது, பெட்டிக்கடையில் கிடைப்பது. அதாவது யாரோ காயத்தை மறைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏமய்யா மிலிட்டரி, இது வெளிநாடு போற சரக்கு. யார்னு தெரியணும். திட்டறதுக்கு இல்ல, கை ஆறட்டும்னுதான்."

அவர் கேட்டது நியாயம். நான் செட் செட்டாகப் போய்க் கையைக் காட்டச் சொல்லியிருக்கலாம். கையுறையைக் கழற்றச் சொன்னால் ஒரு மணி நேர வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை. இல்லை, தோன்றியது. அது வாட்ச்மேன் வேலை என்று தோன்றியது. ஆறு மாதம் திருப்பதியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு நான் யாரென்று காட்ட ஒரு வாய்ப்பு வந்ததுபோல் இருந்தது.

அன்று மதியம் அக்கா குழாயடியில் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கை கழுவுகிற சாக்கில் போய் நின்றேன். கேள்வி கேட்கவில்லை. தப்பாக ஒன்றைச் சொன்னேன்.

"பாவம்க்கா, பழம் கழுவற இடத்துல இருக்காரே ஒரு வயசானவரு, அவரு கை பிளாஸ்டர்தானாம் அது. நாளைக்கு வேலய விட்டு எடுத்துருவாங்க போல."

அப்படி யாரும் சொல்லவில்லை. அந்த வயதானவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார். "அய்யோ, அந்தாளு இல்ல நைனா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதுவும் பயிற்சிதான். அவன் திருத்தியதும் நீ பேசாதே. அமைதியை அவனே நிரப்புவான்.

"அந்தாளுக்கு மூணு பொண்ணுங்க, நைனா. நீ மேனேஜருகிட்ட சொல்லு, அவரு இல்லன்னு. இது... ஒரு சின்னப் பொண்ணு, கத்தி புடிக்கத் தெரியாம கிழிச்சிக்கினா. ஆறிப்போச்சு இப்ப. ரெண்டு வாரம் உக்கார வெச்சா சீசனே முடிஞ்சிடும், அதான் நாங்க பொத்திவெச்சோம். நீ வுட்டுடு. இன்னா?"

"சரிக்கா" என்றேன்.

அவர் ஈரக் கையால் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சட்டையில் ஐந்து விரல் ஈரம் இருந்தது. மனதுக்குள் எனக்கு என்ன இருந்தது தெரியுமா? மகிழ்ச்சி. இரண்டே வாக்கியம். ஒரு கேள்விகூடக் கேட்காமல். மலையில் இருந்தபோது ஒரு நல்ல நாளின் முடிவில் வருமே, அதே மகிழ்ச்சி.

மேனேஜர் மேஜையில் கம்பெனிப் படிவம் இருந்தது. சம்பவம், இடம், நேரம், சம்பந்தப்பட்டவர், எப்படித் தெரியவந்தது. ஆறாவது கட்டம், தகவல் தெரிவித்தவர் பெயர். ஐந்தையும் எழுதி முடித்தேன். ஆறாவதில் பேனா நின்றது. பத்து வருடம் நான் ஒரு பெயரையும் எழுதியதில்லை. எழுதாதே என்று கைக்கே தெரியும். ஆனால் இது ராணுவம் இல்லை, இங்கே எண் கிடையாது, பூட்டிய அலமாரி கிடையாது. வெறும் ஒரு கட்டம், காலியாக இருந்தது. 'பொருந்தாது' என்று எழுதப் போனேன். எப்படிப் பொருந்தாது, ஒருவர் சொல்லித்தானே தெரியும் என்று தோன்றியது. மதியம் வரை நின்ற அப்பாவின் முகமும் வேப்பமரமும் ஒரு கணம் கண்ணில் வந்து போயின. நல்ல கையெழுத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். தெலுங்கில், எழுத்துப்பிழை இல்லாமல்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் எல்லோரையும் ஹாலில் நிற்க வைத்தார்கள். மேனேஜர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கை அறுபட்டால் மறைக்கக் கூடாது, யாரையும் தண்டிக்க மாட்டோம் என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ஆறின பிறகு வா அம்மா என்றார். அவள் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாள். பிறகு அவர் சொன்னார்:

"இந்தச் செட்டுலயே ஒருத்தங்க பொறுப்பா முன்னால வந்து சொன்னாங்க. அவங்களுக்கு எல்லாரும் கை தட்டுங்க."

அக்காவின் பெயரைப் படித்தார்.

தெலுங்குச் செட்டுகள் தட்டின. சடசடவென்று ஹால் முழுக்கக் கேட்டது. மேனேஜர் அலமாரியிலிருந்து ஒரு ஹாட் பாக்ஸை எடுத்து, கம்பெனி பெயர் போட்டது, பிளாஸ்டிக் உறையோடு, அக்கா கையில் வைத்தார். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அவருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும், இருந்தும் புரியவில்லை. ஏதோ பரிசு என்று சிரிக்கக்கூடத் தொடங்கினார். பிறகு தன் செட்டைத் திரும்பிப் பார்த்தார். ஏழு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணும்தான். அதற்குப் பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினார்.

நான் கூரையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன்.

அன்று மதியம் வட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். அக்கா கை கழுவி வரும்போது குண்டான் ஏற்கெனவே பிசைந்து பாதி காலியாகியிருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. நகர்ந்து இடம் விடவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவர் ஓரமாகப் போய்த் தன் டப்பாவைத் தனியாகத் திறந்தார்.

மூன்றாம் நாள் நான் அந்தப் பக்கம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அக்கா காட்டிக்கொடுக்கவில்லை, நான் பொய் சொல்லி வாங்கினேன் என்று ஒரே வாக்கியம். வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அதில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார், இன்னிக்கு எவ கையில இன்னா ஒட்டிக்கினு கீதுன்னு பாக்க வந்தியா?" என்றார். இன்னொருவர், "அவருக்கு உருண்ட குடுக்கற ஆளு அங்க சொவத்தாண்ட குந்திக்கினு கீது, அங்க போவச் சொல்லு" என்றார். வாய் வரை வந்தது நின்றுவிட்டது. எப்படி வாங்கினேன் என்று சொன்னால் நான் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடாது என்று பத்து வருடம் பழகியிருந்தேன். அன்று அந்தப் பழக்கத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். கடமை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது பயம்தான்.

சுவர் ஓரத்தைத் தாண்டும்போது அக்கா தலை நிமிராமல் சொன்னார். "நகந்துக்கோ சார். சோத்துல நெழல் வுழுது."

நைனா போய் சார் வந்திருந்தது.

அந்த வாரமே எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. கழுத்தில் மாட்டும் அட்டையில் ஆபீசர் என்று போட்டிருந்தார்கள். அப்பா அதை போனில் படம் எடுத்து, படிக்கத் தெரியாத ஆட்களுக்கெல்லாம் காட்டினார். "எம்புள்ள ஆபீசரு" என்று அவர் சொல்வது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. வீட்டுக்குள் போய் அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சீசன் முடிந்ததும் வேலையை விட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. அந்தக் குழாயடியைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இப்போது திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரணை கவுண்டரில் இருக்கிறேன். எந்த டாக்டர் எந்த மாடி என்று சொல்ல வேண்டும். எல்லையோர ஊர்க்காரர்கள் நிறைய வருவார்கள். முதல் சில மாதம், அவர்கள் தமிழில் கேட்டால் நான் தெலுங்கில் பதில் சொன்னேன். என் ஊர்ப் பேச்சை வாயில் எடுக்கவே கூசியது. அந்தப் பேச்சை வைத்துத்தானே அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒருநாள் ஒரு கிழவர், "தமிழு தெரியாதா நைனா உனுக்கு?" என்று கேட்டார். "தெலியது" என்றேன். தெரியாது. அவர் வழி புரியாமல் வேறு மாடிக்குப் போய் அலைந்துவிட்டு, வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை.

"இன்னா சார், இங்க எவ கை அறுத்துக்கினா?"

நான் நின்றபடியே சொன்னேன். பழம் கழுவுகிற வயதானவர் பற்றிச் சொன்னது பொய் என்றேன். திருத்துவீர்கள் என்று தெரிந்தே சொன்னேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே உமியை ஊதினார்.

"அந்தாளு வேல போவப் போவுதுன்னது..."

"அதுவும் பொய்தாங்க்கா."

முறம் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மிலிட்டரியிலயும் இதான் உன் வேலயா?"

அம்மா அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஆமாங்க்கா" என்றேன்.

"அவங்கள்லாம் இன்னா ஆனாங்க? உங்கிட்ட சொன்னவங்க?"

ஒரு சுமைக்காரர் எனக்கு ஞாபகம் வந்தார். ரொட்டியைப் பாதி பிய்த்துத்தான் எப்போதும் எனக்குக் கொடுப்பார். ஒருநாளிலிருந்து அவர் டீக்கடைக்கு வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பதுதான் என் வேலை. அதை மட்டும் விசாரிக்கவில்லை.

"தெரியாதுக்கா. பேரு மட்டும் எழுதினதில்ல."

"அவங்க யாரு ஊட்டு ஆளுங்களோ, அவங்க பேர எழுதாம வுட்ட. எங்கையில சோறு துன்னுட்டு எம்பேர எழுதின." அவர் குரல் உயரவே இல்லை. "இந்தத் தெருவுல எங்கிட்ட யாரும் பேசறதில்ல, தெரியுமா? அந்தப் பொண்ணோட அம்மாகாரி தண்ணிக்கு நான் போனா கொடத்தத் தூக்கிக்கினு திரும்பிடறா. எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பண்ண? நான் காட்டிக்குடுக்கலன்னு எனுக்குத் தெரியாதா?"

உள்ளே போய் அந்த ஹாட் பாக்ஸை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. "இத்த எடுத்துக்கோ. எதிர்ல பச்ச கேட்டு ஊடு, அந்தப் பொண்ணுது. மீதி ஆறும் இதே தெருதான்."

நான் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பச்சை கேட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். யாரென்று சொன்னேன். அக்கா தானாகப் போய்ச் சொல்லவில்லை, நான்தான் பொய் சொல்லி அவர் வாயிலிருந்து வாங்கினேன் என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. தெருவில் வைத்துச் சொல்லும்போது சின்னப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"அப்ப அவ பேர எதுக்குய்யா எழுதின?"

"கட்டம் காலியா இருந்துச்சும்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். "ஏய், இங்க வந்து பாருடி. கட்டம் காலியா இருந்துச்சாம், அதான் எழுதிப்புட்டாராம். படிச்சவரு."

அந்தப் பெண் வந்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எதிர் வீட்டைப் பார்த்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து செட்டுப் பெண்கள் இரண்டு பேர் வெளியே வந்திருந்தார்கள். அன்று ஃபேக்டரியில் என்னைச் சுவரோரம் அக்காவிடம் போகச் சொன்னவர் அவர்களில் ஒருவர்.

"இன்னாவாம் இவருக்கு?" என்றார் அவர்.

"திரும்பச் சொல்லு சார்" என்றார் அம்மா. "கூச்சப்படாத. சத்தமாச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது தெருவில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அன்று என்னைச் சுவரோரம் போகச் சொன்னவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் எதிர் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"யக்கா! உன் ஆளு இங்க வந்து இன்னாவோ ஒளறிக்கினு கீறாரு. வந்து கேளு!"

அந்தத் தெருவில் பல மாதத்துக்குப் பிறகு அக்காவைப் பார்த்துச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. எதிர் வாசலில் முறத்தின் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"நான் கேட்டாச்சு" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "நீங்க கேளுங்க."

இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது. ஹாட் பாக்ஸின் பிளாஸ்டிக் உறை கை வியர்வையில் வழுக்கியது. அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தேன்.